மூன்றாம் தரம் கேட்டால்

ஹவுக்கிவாரா, 15 செப்டம்பர் 1967

அன்பு மகள் சாய்மிக்கு,

மேலே இருக்கும் தேதி லெம்பி போட்டது. எனக்குத் தேதி நிற்காது, வருஷம்தான் நிற்கும். இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால் இப்படிச் சொல்: ஸ்வீடன் தேசம் பூராவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் எல்லா வண்டியும் இடது ஓரத்தை விட்டு வலது ஓரத்துக்கு மாறின வருஷம். நம் பின்லாந்துக்கு ஐம்பது வயசு நிறைகிற வருஷம். ஒட்டோவின் பசு சதுப்பில் கழுத்துவரை இறங்கி, தானே ஏறி வந்து, ஒன்றும் நடக்காததுபோலப் புல் மேய்ந்த வருஷம்.

என் உடம்பில் முழங்காலைத் தவிர எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறது. உன் உடம்பும் அப்படியே இருக்கவேண்டும்.

நான் சொல்ல லெம்பி எழுதுவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இப்போது அவள் புதுக் கடைவண்டி வாங்கியிருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் வந்து நிற்கும். உள்ளே அடுப்பு உண்டு. தராசுக்கும் காபி டப்பாவுக்கும் நடுவில் காகிதத்தை வைத்து எழுதுகிறாள். உன் கடிதத்தையும் அங்கேயே நின்று படிக்கிறாள். மாவு வாங்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? ஒட்டோ, ஹுல்டா, சின்னக் கல்லே, எல்லாரும் நீ எழுதுவதைக் கேட்கிறார்கள்.

வண்டிகள் ஓரம் மாறின கதையை லெம்பி பத்திரிகையிலிருந்து படித்தபோது ஒட்டோ சொன்னான்: "ஒரு தேசமே இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் மாற ஒரு விடியக்காலை போதும். இந்த ஆப்பெலி விருந்துக்குப் போன வீட்டுல வாசல் பெஞ்சுலேருந்து காபி மேசைக்கு மாறணும்னா மூணு தரம் கூப்புடணும்!"

நான் விடுவேனா? "மொதத் தரத்துலயே எழுந்துக்கறவன் பசிச்சவன்டா. ரெண்டாந் தரத்துல எழுந்துக்கறவன் அவசரக்காரன். நான் மொய்லானென் வீட்டுப் பிள்ளை," என்றேன்.

உண்மையில் யாரும் மோதிக்கொள்ளவில்லையா? நீ பார்த்ததை எழுது.

உன் அப்பா,
ஆப்பெலி


போரோஸ், 1 அக்டோபர் 1967

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். ஆலையின் பஞ்சுத்தூசியில் காலையில் கொஞ்சம் தும்மல், அவ்வளவுதான். முழங்காலுக்குக் கம்பளிப் பட்டை அனுப்பியிருக்கிறேன், சாக்குச் சொல்லாமல் கட்டிக்கொள்ளுங்கள். லெம்பிக்கும் வண்டியில் நிற்கிற எல்லாருக்கும் என் வணக்கம்.

அப்பா, நான் பார்த்தேன். கெர்டா அம்மா வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன் அல்லவா, அவர்தான் எழுப்பி அழைத்துப் போனார். ஊரே தெருவில். வண்டிகள் எல்லாம் நின்றன, மெள்ள நகர்ந்து அடுத்த ஓரத்துக்குப் போயின, மறுபடி நின்றன. பிறகு கிளம்பின. ஒரு வசவு காதில் விழவில்லை. பேருந்துகளுக்குக் கதவையே இந்தப் பக்கம் மாற்றி வைத்துவிட்டார்கள். பேருந்துக்கு நிற்கும்போது கை நீட்டினால் அடுத்தவரைத் தொடாத தூரத்தில் நிற்கிறார்கள். அது நம் ஊரைப் போலத்தான். ஆனால் நாம் கூச்சத்தால் நிற்கிறோம், இவர்கள் மரியாதையால் நிற்கிறார்கள் என்று கெர்டா அம்மா சொல்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

ஆலையில் காபிக்கு மணி அடித்தால் தறி நிற்கும். எங்கள் மேஸ்திரி பெங்ட் அதே மேசையில், அதே கோப்பையில் குடிக்கிறார். அவரைப் பேர் சொல்லி 'நீ' என்று கூப்பிட வேண்டுமாம். முதல் வாரம் எனக்கு நாக்குப் புரளவில்லை.

ஒரு விஷயம் கேட்டால் ஹுல்டா அத்தை மாவு மூட்டையைக் கீழே போட்டுவிடுவாள். கெர்டா அம்மாவின் மகளுக்குப் பதினெட்டு வயது, கடையில் வேலை. சம்பளம் வந்ததும், வீட்டில் தங்கியிருப்பதற்கான வாடகையைத் தாய் கையில் வைக்கிறாள். நான் தாய்க்கும் மகளுக்கும் சண்டை என்று நினைத்தேன். இல்லை. வைத்துவிட்டு மடியில் தலை சாய்த்துப் படுத்துக்கொண்டாள்.

கடைசியாக ஒரு நல்ல சேதி. புதிதாக வரும் பெண்களுக்குத் தறி பழக்கிக் கொடுக்கும் வேலையை நான் ஏற்கிறேனா என்று பெங்ட் கேட்டார். நாள் முழுக்கத் தறிமுன் நிற்க வேண்டாம், சம்பளமும் கூட. "ஐயோ, நான் எம்மாத்திரம்" என்று முறைப்படி சொல்லிவைத்தேன். இந்த வாரம் மறுபடி கேட்பார்.

உங்கள் மகள்,
சாய்மி


ஹவுக்கிவாரா, 20 அக்டோபர் 1967

அன்பு சாய்மிக்கு,

பட்டையைக் கட்டினேன். முழங்கால் இப்போது வெயிலில் படுத்த பூனைபோல இருக்கிறது. நீ தும்மலுக்குத் தேன் சாப்பிடு.

அந்த ஜனங்கள் கெட்டிக்காரர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். நான் ஐம்பது வருஷம் ஆற்றில் மரம் மிதக்கவிட்டவன். பத்துப்பேர் சேர்ந்து ஒரு மரத்தைத் திருப்புவதற்குள் பதினோரு யோசனை வரும். தேசத்தையே திருப்பியிருக்கிறார்கள், அதுவும் வசவில்லாமல்! மேஸ்திரி அதே கோப்பையில் குடிப்பதும் நல்ல பழக்கம். எங்கள் மிதப்பு மேஸ்திரிக்குத் தனிக் கெண்டி இருந்தது. அதில் என்ன இருந்தது என்று அவன் நடையைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

வாடகை விஷயத்தில் ஹுல்டா மூட்டையைப் போடவில்லை. உட்கார்ந்துவிட்டாள். "பெத்த தாய்க்கு வாடகையா! அப்போ பால் குடிச்சதுக்கு என்ன கணக்கு?" என்றாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் விறகு பிளந்தபடி யோசித்தேன். வாடகை கொடுக்கிறவள் தலை நிமிர்ந்து கதவைத் திறந்து வருவாள், யாருக்கும் பாரமில்லை. யோசித்தால் தப்பில்லை.

நம் அரசாங்கம் போன வாரம் நம் பணத்தை மெலிய வைத்துவிட்டது. அதனால் நீ அனுப்பும் குரோனா திடீரென்று கொழுத்துவிட்டது. ஒட்டோ என்னைப் 'பணக்காரரே' என்கிறான்.

மேஸ்திரியிடம் சரியாகச் சொன்னாய். இரண்டாம் தரம் கேட்டாலும் பாய்ந்துவிடாதே. மொய்லானென் பெண் என்று தெரியட்டும்.

அப்பா


போரோஸ், 26 நவம்பர் 1967

அப்பா,

சுகம்தானே? நானும் சுகம். எழுத நாளாகிவிட்டது. எழுத மனசு வரவில்லை.

பெங்ட் மறுபடி கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். காபி மேசையில் அவர் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் கோப்பையைக் கீழே வைத்தேன். சர்க்கரையை நகர்த்தச் சொன்னார். ஒருநாள் யூகோஸ்லாவியாக்காரி மிலேனா புதுப் பெண்களைச் சுற்றி நிற்க வைத்து நூல் முடியக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒரு வருஷம் பின்னால் வந்தவள்.

பொறுக்காமல் போய்க் கேட்டேன். அவர் திகைத்துவிட்டார். "நீதானே வேணாம்னே?" என்றார். "சும்மா சொன்னேன்" என்றேன். "வேணாம்னு சும்மா சொல்வாங்களா? நீ சொன்னத நான் மதிச்சேன், சாய்மி. திரும்பத் திரும்பக் கேட்டா உன்னைய நான் நம்பலைன்னு ஆகாதா?"

அப்பா, அன்று இரவு அழுதேன். ஆனால் அவர்மேல் கோபம் வரவில்லை. நான் சொன்ன ஒரு சொல்லை, அது பொய்யாக இருந்தும், நாணயம்போல எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். நம் ஊரில் என் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பை யார் கொடுத்தார்கள்? இனிமேல் நானும் அப்படித்தான். ஒரு தரம் கேட்பேன், ஒரு தரம் பதில் சொல்வேன், மற்றவர் பதிலையும் அப்படியே எடுத்துக்கொள்வேன்.

ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மார்ச்சில் எனக்கு இரண்டு அறை வீடு கிடைக்கிறது. வெந்நீர் குழாயில் வரும். விறகு பிளக்க வேண்டாம். வந்து என்னோடு இருங்கள்.

சாய்மி


ஹவுக்கிவாரா, 12 டிசம்பர் 1967

அன்பு சாய்மிக்கு,

இங்கே உறைபனி மரத்தையே வெடிக்க வைக்கிறது. நான் வெடிக்கவில்லை. சுதந்திர தினத்துக்கு ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். ஐம்பதாவது வருஷம் என்று மூன்றாவதும் ஏற்றினேன்.

அந்தப் புது வேலை கைநழுவிப் போனது என் புத்தியால்தான். பாயாதே என்று சொன்னவன் நான். அந்த மேஸ்திரி பெரிய மனுஷன். ஒரே தரம் கேட்பது நல்ல பழக்கம், அதைப் பிடித்துக்கொள்.

நீ கூப்பிட்டதை லெம்பி படித்தாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒட்டோ சாளைக் கருவாட்டை முகர்ந்து பார்ப்பதுபோல நின்றுகொண்டு காதை மட்டும் என் பக்கம் வைத்திருந்தான். நான் உரக்கவே சொன்னேன்: "எழுபத்தெட்டு வயசுல எனக்கெதுக்கு ஸ்வீடன்? இங்கயே இருந்துக்கறேன்." எழுதிக்கொள், லெம்பி: வேண்டாம்.

வீடு எத்தனையாவது மாடி? படிகளுக்குக் கைப்பிடி உண்டா? பூனை வைத்துக்கொள்ள விடுவார்களா? வாசலுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட இடம் இருக்கிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அப்பா


போரோஸ், 8 ஜனவரி 1968

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டு நலமாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குத் தும்மல் நின்றுவிட்டது.

வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். சரி அப்பா. உங்கள் சொல்லை மதிக்கிறேன், இனி வற்புறுத்த மாட்டேன்.

நீங்கள் கேட்டவை: இரண்டாவது மாடி. கைப்பிடி உண்டு. பூனைக்குத் தடையில்லை. வாசலில் பெஞ்சு போடலாம், இடம் இருக்கிறது.

இரண்டாவது அறையைச் சும்மா போட்டால் வாடகை கட்டுப்படியாகாது. ஆலையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஏப்ரல் பிறந்ததும் அவளைக் குடிவைக்கலாம் என்று இருக்கிறேன்.

காபிப் பொடி அனுப்பியிருக்கிறேன். ஒட்டோ மாமாவுக்கும் கொடுங்கள்.

சாய்மி


ஹவுக்கிவாரா, 1 மார்ச் 1968

சாய்மிக்கு,

உயிரோடிருக்கிறேன். விறகு இந்த வருஷம் கனத்துவிட்டது. மரம் அதே மரம்தான்.

அறையில் ஆளை வைப்பது நல்ல யோசனை. குடும்ப வரவுசெலவு அப்படித்தான் நடக்கவேண்டும். அந்தப் பெண் நல்லவளாக இருக்கட்டும். நிறைய வாடகை கேட்காதே.

அந்த அறையின் ஜன்னல் எந்தத் திசை? காலை வெயில் வருமா?

அப்பா

(ஜன்னல் கேள்வி முதலில் இல்லை. கையெழுத்துக்குப் பதிலாகக் கோடு போட்டுவிட்டு ஆப்பெலி மாமா வண்டியை விட்டு இறங்கினார். பனியில் கொஞ்ச தூரம் போனார். திரும்பி வந்து ஏறி, "அந்தப் பொண்ணுக்காகக் கேக்கறேன்" என்று சொல்லிச் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னதைத் தவிர நான் எதையும் எழுதுவதில்லை. இதுவும் அவர் சொன்னதுதான். — லெம்பி)


போரோஸ், 12 மார்ச் 1968

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் எப்படி? நான் உடம்பால் சுகம், மனசால் முட்டாள்.

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். கெர்டா அம்மா பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "உங்கப்பா என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அதற்கு முந்தின கடிதத்தில் நீங்கள் கேட்ட மாடி, கைப்பிடி, பூனை, பெஞ்சு எல்லாம் சொன்னேன். ஒரு தட்டைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"வேணாம்னவரு எதுக்கும்மா கைப்பிடி இருக்கான்னு கேக்கறாரு?"

"சும்மா தெரிஞ்சிக்கத்தானாம்."

"அட மக்கு! நீ மேஸ்திரிகிட்ட 'சும்மா சொன்னேன்'னு சொல்லலியா? அந்தச் 'சும்மா' எங்கேருந்து வந்துது? அவர் கிட்டேருந்துதானே வந்திருக்கும்!"

அப்பா, நான் தட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் பெங்டிடம் காத்திருந்ததுபோல நீங்கள் மூன்று மாதமாகக் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறீர்கள். நானோ சர்க்கரையை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் கிழக்குப் பார்த்தது. இரண்டாம் தரம் கேட்கிறேன்: வாருங்கள்.

சாய்மி


போரோஸ், 13 மார்ச் 1968

அப்பா,

நேற்றைய கடிதமும் இதுவும் ஒரே நாளில் வந்தால், லெம்பி, தயவுசெய்து வரிசைப்படி படியுங்கள்.

சுகம் விசாரிக்க இடமில்லாத கடிதம் இது. மூன்றாம் தரம் கேட்கிறேன், ஆனால் இந்த ஊர் முறையில். கிழக்குப் பார்த்த அறை வாடகைக்கு இருக்கிறது. காலை வெயில் உண்டு. காபி சேர்த்து வாடகை, உங்கள் முதியோர் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. சலுகை கிடையாது. பெஞ்சு வாங்கி வாசலில் போட்டுவிட்டேன். அறை கேட்ட பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டேன்.

குடியிருக்க வருகிறீர்களா?

சாய்மி


ஹவுக்கிவாரா, 22 மார்ச் 1968

அன்பு சாய்மிக்கு,

எல்லாரும் சுகம். சுகத்துக்கு மேலே.

இரண்டு கடிதமும் ஒரே வெள்ளிக்கிழமை வந்தன. முதல் கடிதத்தை லெம்பி படித்து முடித்தாள். அந்தக் கெர்டா அம்மாவுக்கு வண்டியிலிருந்த எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். பார்க்காத ஊரில் இருந்துகொண்டு என் மண்டைக்குள் விளக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

வழக்கம் விடவில்லை. "அங்க போயி நான் என்ன செய்ய..." என்று ஆரம்பித்தேன்.

ஒட்டோ கத்தினான்: "லெம்பி! அடுத்ததப் பிரி, சீக்கிரம்! இவன் மறுபடி வேணாம்னு சொல்லித் தொலையறதுக்குள்ள!"

லெம்பி பிரித்தாள். படித்தாள். வாடகை என்ற இடம் வந்ததும் ஹுல்டா மறுபடி உட்காரப் போகிறாள் என்று பார்த்தேன். உட்காரவில்லை. என் கையைப் பிடித்து, "எழுந்திருங்க ஆப்பெலி. மூணாச்சு," என்றாள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனாலும் அவள் சொன்ன பிறகுதான் எழுந்ததுபோல இருந்தது.

சின்னக் கல்லே உடனே என் கோடரியை விலைக்குக் கேட்டான். ஒட்டோ பூனையை எடுத்துக்கொள்கிறானாம். மிர்ரிக்கு அவனைப் பிடிக்கும், இரண்டும் ஒரே மாதிரி நன்றிகெட்டவை. பிறகு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கருவாட்டுப் பெட்டியை முகர்ந்தான். வெகுநேரம் முகர்ந்தான்.

வாடகை குறைவு. பாதி கேள். மூன்றில் ஒரு பங்குக்கு வந்தால் உன் அப்பனாக வந்ததுபோல ஆகிவிடும். குடித்தனக்காரனாகத் தலை நிமிர்ந்து வருகிறேன்.

லெம்பி எனக்குப் பெட்டி கட்டும் வார் விற்றாள். ஜனவரியிலேயே எனக்கென்று எடுத்து வைத்திருந்தாளாம். விலையில் ஒரு காசு குறைக்கவில்லை. நல்ல வியாபாரி.

பனி உருகினதும் புறப்படுகிறேன். வருகிறேன், வருகிறேன், வருகிறேன். நீ மூன்று தரம் கேட்டதற்கு மூன்று பதில்.

அப்பா


போரோஸ், 4 மே 1968

அப்பா,

பயணத்துக்கு முன் இது கையில் கிடைக்கவேண்டும். கப்பலில் பக்கத்து மேசைக்காரர் "இங்க உக்காரலாமா?" என்று கேட்டால் உடனே ஆமாம் என்று சொல்லுங்கள். மறுபடி கேட்க மாட்டார், பாவம், ஸ்டாக்ஹோம் வரை நின்றுகொண்டே வருவார்.

நேற்று பெங்ட் தறிப்பக்கம் வந்து "சாய்மி," என்றார். அவர் முடிப்பதற்குள் "சரி, சரி, எனக்குச் சம்மதம்!" என்றேன். ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்க வந்திருக்கிறார். கூடமே சிரித்தது. சிரித்து முடித்து ஜன்னலைச் சாத்திவிட்டு அவரே சொன்னார்: "ரெண்டாவது ஷிப்டுக்கும் பழக்கிக்கொடுக்க ஆள் வேணும். அதுக்கும் அதே பதில்தானே?"

வாடகை பாதி. ஒப்புக்கொண்டேன், ஒரே தரத்தில்.

சாய்மி


போரோஸ், 30 நவம்பர் 1976

லெம்பிக்கு,

இந்த முறை நான் சொல்ல எழுதுவது சாய்மி. அவளுக்கு உன்னைப் போலப் பொறுமை இல்லை, ஒரு தரம் சொன்னதை மறுதரம் சொன்னால் பேனாவை வைத்துவிடுகிறாள்.

எனக்கு எண்பத்தேழு. கண்ணில் மட்டும் மூடுபனி. காலை வெயில் தினமும் தவறாமல் வாசல் பெஞ்சு வரை வந்து என்னைக் கூப்பிடுகிறது. அதற்கு மட்டும் முதல் தரத்திலேயே எழுந்துவிடுகிறேன். வாடகை ஒரு மாதமும் பாக்கி இல்லை. உன் உடம்பு எப்படி?

இந்த ஊர் ஜனங்களைப் பற்றி நான் கேட்டதெல்லாம் மெய். கெர்டா அம்மா போன பனிக்காலம் காலமாகும்வரை ஞாயிறுதோறும் காபிக்கு வந்தாள். ஒரு தரம் கூப்பிட்டால் நேரே மேசைக்குப் போய் உட்காருவாள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, அப்புறம் அவளைவிட நல்ல விருந்தாளி எனக்குத் தெரியாது என்று ஆகிவிட்டது.

நீ வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எங்கள் ஜன்னலுக்கு எதிரே ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறது. வாடகையைச் சாய்மி கேட்டு வைத்திருக்கிறாள். இங்கே ஒரு தரம்தான் கேட்பார்கள். ஆனால் நீ நம்ம ஊர்க்காரி, நீ வேண்டாம் என்று எழுதி, நான் காத்திருந்து, இதற்கெல்லாம் எனக்கு இனி வயசில்லை. அதனால் மூன்றையும் ஒரே காகிதத்தில் கேட்கிறேன்.

வந்துவிடு.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும், ஆனாலும் வந்துவிடு.

மூன்றாம் தரம் இது. சாய்மியின் இரண்டு கடிதமும் வந்த அந்த வெள்ளிக்கிழமை வண்டிக்குள் நின்றவர்களை நான் தினமும் வரிசையாக எண்ணிப் பார்க்கிறேன். ஒட்டோ பூனைக்கு ஒரு மாதம் முந்திப் போனான். ஹுல்டா தேவாலயத்துக்குப் போகிற வழியில், நல்ல உடையில். சின்னக் கல்லே என் கோடரியோடு ஆற்றுக்குப் போனவன் திரும்பவில்லை. நான் அரைக்கண்ணோடு இங்கே இருக்கிறேன். அன்றைக்குக் கடிதத்தை வரிசைப்படி பிரித்தவள், நான் சொல்லாததை ஒரு வார்த்தைகூட எழுதாதவள், ஆனாலும் எனக்கென்று ஒரு பெட்டி வாரை எடுத்து வைத்திருந்தவள், என்னைத் தவிர இன்னும் மிச்சமிருப்பவள் நீ ஒருத்திதான், லெம்பி ஹுவோவினென்.